மஞ்சள் காமாலை வராத மாதேஸ்வரி

மாதேஸ்வரி உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. சோறு தின்பதும் நின்றபடிதான். ஒயர் கட்டும் லைனில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வரும் நாங்களெல்லாம் வீட்டுக்கு வந்ததும் காலை நீட்டிச் சாய்ந்துவிடுவோம். அவள் வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே இருப்பாள். கம்பெனி பஸ் வர அரை மணி இருக்கும்போதே ஸ்டாப்பில் போய் நிற்பாள். "கொஞ்சம் உக்காரேன், தரை என்ன சுடுதா?" என்று கேட்டால், "உக்காந்தா எந்திரிக்க மனசு வராது ராசாத்தி" என்பாள்.

ராசாத்தி நான்தான். சொந்த ஊர் சாத்தூர். கல்யாணமாகி ஓசூருக்கு வந்து, வண்டிகளுக்கு ஒயர் கட்டிக் கொடுக்கும் கம்பெனியில் சேர்ந்து, அங்கேயே பெர்மனென்ட் ஆனவள். மாதேஸ்வரி வீட்டின் பின்பக்க அறையில் குடியிருந்தேன். ஆக எனக்கு அவள் வீட்டுக்காரம்மா, அதே லைனில் என் பக்கத்தில் நிற்கிறவள், சண்டை போட ஆள் வேண்டுமென்றால் அதற்கும் அவள்தான். சண்டையில் அவள் திருப்பிப் பேசுவது குறைவு. அதுதான் எனக்குப் பிடிக்காதது.

வீடு கெலவரப்பள்ளி போகிற ரோட்டை ஒட்டி இருந்தது. அவளுடைய அப்பா திம்மப்பன் ஊர்க்காரர்களின் நிலத்தில் கூலி வேலை பார்த்துப் பார்த்து எழுப்பிய ஓட்டு வீடு. பின்னால் கொஞ்சம் புன்செய். திம்மப்பன் போய்ச் சேர்ந்தபின் ஒரே மகளான இவளுக்கு அதுதான் மிச்சம். கட்டியவன் அத்திப்பள்ளிப் பக்கம் லாரி ஏறிப் போனவன், அந்தப் பக்கமே இருந்துவிட்டான். அவனைப் பற்றி அவள் பேசமாட்டாள். நான் நன்றாகவே திட்டுவேன்.

சுற்றிலும் மனைக்கல் நட ஆரம்பித்ததும் அவளுடைய பெரியப்பா மகன் சென்னப்பனுக்கு அந்த வீட்டின் மேல் பாசம் பிறந்தது. எங்கள் கம்பெனி கேன்டீனுக்குக் காய்கறி போடுகிறவன் அவன். சித்தப்பா சாவதற்கு முன்னால் வீட்டையும் நிலத்தையும் தனக்கு எழுதிக் கொடுத்துவிட்டார் என்று ஒரு பத்திரத்தோடு ஓசூர் முன்சீப் கோர்ட்டுக்குப் போனான். கைநாட்டு அப்பாவுடையது இல்லை என்று இவள் சொன்னாள். அதைச் சொல்லக் கூண்டில் ஏற வேண்டிய நாளிலும் இவள் லைனில்தான் நின்றிருந்தாள். 2005 பிப்ரவரியில் தீர்ப்பு சென்னப்பன் பக்கம் போனது.

இங்கே எங்கள் கம்பெனியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாதேஸ்வரி கான்ட்ராக்டில் இருந்தாள். தொடர்ந்து இரண்டு வருஷம் ஒரு நாள் கூட லீவு எடுக்காதவர்களைத்தான் பெர்மனென்ட் லிஸ்டில் சேர்ப்பார்கள். எழுதி ஒட்டிய சட்டம் இல்லை அது. ஆனால் எல்லாருக்கும் தெரியும். தலைவலி வந்தால் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு லைனில் நிற்பார்கள். காலையில் ஐந்தரைக்குப் பஸ், ஓவர்டைமும் பார்த்துவிட்டு இறங்கும்போது இருட்டியிருக்கும். அந்த நேரத்துக்கு எந்தக் கோர்ட்டும் திறந்திருக்காது.

வக்கீல் குமாஸ்தா முனிசாமி ஒரு நாள் பஸ் ஸ்டாப்புக்கே வந்து சொன்னார். "தீர்ப்பு எதிரா வந்துடுச்சும்மா. ஒரு மாசத்துக்குள்ள சப் கோர்ட்ல அப்பீல் போடணும். ஆபீஸுக்கு வந்து கையெழுத்து போட்டுட்டுப் போ."

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தேன்கனிக்கோட்டையில் சொந்த வீட்டுக்குப் போய்விடுவார். பூட்டிய ஆபீஸ் வாசலில் இரண்டு மூன்று வாரம் நின்றுவிட்டு வந்தாள். பிறகு விட்டுவிட்டாள். எப்படி விட முடிந்தது என்று பின்னால் நான் கத்தியபோது அவள் சொன்னதைக் கேட்டு எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. லைனில் இன்று ஐம்பது பீஸ் விட்டுப்போனால் நாளைக்கு ஓவர்டைமில் சேர்த்துக் கட்டிவிடலாம். சூப்பர்வைசர் முகத்தைத் தூக்குவார், அவ்வளவுதான். கோர்ட்டும் அப்படித்தான் என்று அவள் எண்ணிவிட்டாள். ஆயுத பூஜை லீவு வரட்டும், பாக்கியைச் சேர்த்துப் போட்டுவிடலாம் என்று இருந்துவிட்டாள்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மிஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, வாழை கட்டி, குடும்பத்தோடு எல்லாரையும் உள்ளே விட்டார்கள். ஒரு வருஷமாக ஒரு நாள் கூட லீவு எடுக்காதவள் என்று மைக்கில் பெயரைச் சொல்லி மாதேஸ்வரிக்கு எவர்சில்வர் அண்டா கொடுத்தார்கள். அண்டாவுக்குப் பின்னால் அவள் முகம் பாதிதான் தெரிந்தது. கேன்டீன்காரர்களோடு நின்றிருந்த சென்னப்பன் நன்றாகவே கை தட்டினான். போட்டோகிராபர் எடுத்த படத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள்.

பூஜை லீவில் முனிசாமி ஓசூரிலேயே இருந்தார். மாதேஸ்வரி அவர் ஆபீஸுக்குப் போனாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு, தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனு போட வேண்டும் என்றார். இங்கிலீஷில் அடித்த தாள்களை நீட்டினார், இவள் கையெழுத்துப் போட்டாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

என்ன எழுதியிருந்தது என்பது அடுத்த வருஷம் சப் கோர்ட் மனுவைத் தள்ளுபடி செய்தபிறகுதான் தெரிந்தது. மார்ச்சிலிருந்து மாதேஸ்வரி மஞ்சள் காமாலையில் படுத்த படுக்கையாகக் கிடந்தாளாம். நாட்டு வைத்தியம் பார்த்தாளாம். பச்சிலை தின்று பத்தியம் இருந்தாளாம். குமாஸ்தாக்களுக்கு இது கை வந்த வியாதி. நாட்டு வைத்தியர் ரசீது கொடுப்பதில்லை, அதனால் எவனும் கேட்க முடியாது. அந்த ஆபீஸில் தாமதமான கட்சிக்காரர்கள் எல்லாருக்கும் காமாலை வந்திருக்கிறது. இவளுக்கும் வரவைத்துவிட்டார்.

சென்னப்பனின் வக்கீல் அண்டா போட்டோவைக் கோர்ட்டில் நீட்டினார். கூடவே கம்பெனியின் பாராட்டுச் சான்றிதழ் நகல். படுத்த படுக்கையாகக் கிடந்த பெண்மணி ஒரு நாள் கூட விடாமல் வேலைக்குப் போயிருக்கிறார், ஓவர்டைமும் பார்த்திருக்கிறார் என்றார். மனுதாரர் பொய்க் காரணம் சொல்லியிருக்கிறார் என்று எழுதி மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு முனிசாமியைப் பஸ் ஸ்டாண்டிலேயே வைத்துக் கேட்டுவிட்டேன். "எல்லாருக்கும் எழுதறதுதாம்மா. இந்தம்மா போயி பரிசு வாங்குவாங்கன்னு நான் என்னத்தக் கண்டன்?" என்றார். அதுவும் நியாயம்தான். ஊர் முழுக்கப் பரிசு வாங்காதவர்களுக்காகத் தைத்த சட்டை அது.

இனி ஒரே வழிதான் இருந்தது. மன்னிக்க மறுத்தது சரியா என்று பார்க்கச் சொல்லி சென்னை ஐகோர்ட்டில் சீராய்வு மனு. அங்கேயும் இல்லையென்று வந்தால் கைநாட்டைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை, வீடு சென்னப்பனுக்கு. கோர்ட் அமீனா ஒருமுறை வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டும் போனார். அன்றிலிருந்து மாதேஸ்வரிக்குத் தூக்கம் போய்விட்டது. வாசல் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டாலே அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவாள். கரண்டு ரீடிங் எடுக்க வந்தவரையே அமீனா என்று நினைத்து வாசலில் மறித்து நின்றாள்.

சென்னையில் சுபாஷ் என்று ஒரு வக்கீல் கிடைத்தார். சின்ன வயசு, வேகமான பேச்சு. முதல் தடவை போனது கம்பெனியில் கரண்டு வேலை என்று விடுமுறை விட்ட நாள். நானும் கூடப் போனேன். பஸ்ஸில் போய் கோயம்பேட்டில் இறங்கி, முகம் கழுவி, பத்து மணிக்கெல்லாம் கோர்ட் வாசலில் நின்றோம். மாதேஸ்வரி வராந்தாவில் நடந்தாள். தூணிலிருந்து தூண். எங்கள் கேஸ் லிஸ்டில் அடியில் கிடந்தது. சாயங்காலம் நீதிபதி எழுந்து போகும் வரை அது வரவில்லை. ஒரு வார்த்தை யாரும் கேட்காமலே திரும்பினோம்.

அடுத்த தேதி ஆகஸ்ட் கடைசியில், வேலை நாள். பூஜைக்கு ஒரு மாசம்தான் இருந்தது. அதைத் தாண்டிவிட்டால் அவளுக்கு இரண்டு வருஷம் முடியும். லீவு கேட்டதற்கு சூப்பர்வைசர், "இவ்ளோ நாள் இருந்துட்டு இப்போ கெடுத்துக்காதீங்க மாதேஸ்வரி. வக்கீல் இருக்காருல்ல, அவர் பாத்துக்குவார்" என்றார். சுபாஷும் நீங்கள் வந்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. அதுதான் அவளை வாட்டியது. யாராவது கட்டாயம் வா என்று சொல்லியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பாள்.

முந்தின நாள் முழுக்க லைனில் ஒயரை மாற்றி மாற்றிக் குத்தினாள். அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுப் பக்கம் திரும்பாமல் நின்றாள்.

"போன தடவ வக்கீல் பாத்துக்குவார்னுதான் வுட்டன். அவரு எனுக்குக் காமாலைய வரவச்சுட்டாரு. இந்தத் தடவ இன்னா வரவப்பாங்களோ" என்றாள்.

"அப்போ கிளம்பு. நானும் வாரேன்" என்றேன். எனக்குக் கேஷுவல் லீவு உண்டு, கேட்பாரில்லை. அவளுக்கு அப்படியில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கிளம்பு என்றேன்.

மறுநாள் கோர்ட் வராந்தாவில் சுபாஷ் ஒரு யோசனை சொன்னார். "நீதிபதி கேட்டா, காமாலை இருந்தது, ஆனா வேலை போயிடும்னு அதோடவே வேலைக்குப் போனேன்னு சொல்லுங்க. ரெண்டும் பொருந்திடும்." எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. பொருந்துகிறதே, பிறகென்ன என்று நானும் அவளுக்கு எடுத்துச் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே நடந்தாள். ஆமாம் என்கிறாளா இல்லை என்கிறாளா என்று தெரியவில்லை.

பன்னிரண்டு மணி வாக்கில் கேஸைக் கூப்பிட்டார்கள். சென்னப்பனும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவன் வக்கீல் போட்டோவை எடுத்து நீட்டினார். நீதிபதி அதை ரொம்ப நேரம் பார்த்தார். இங்கிலீஷில் சுபாஷிடம் ஏதோ கேட்டார். சுபாஷ் வேகமாகப் பேசினார். நீதிபதி கையைக் காட்டி நிறுத்தி, இந்த அம்மா வந்திருக்கிறார்களா என்று தமிழில் கேட்டார்.

மாதேஸ்வரி ஏற்கனவே நின்றுகொண்டுதான் இருந்தாள். முன்னால் போனாள். பதற்றம் வந்தால் அவளுக்குக் கன்னடம் வந்துவிடும். முதலில் ஏதோ கன்னடத்தில் ஆரம்பித்தாள்.

"தமிழ் தெரியுமில்ல? தமிழ்லயே சொல்லுங்கம்மா. இந்தப் போட்டோவுல பரிசு வாங்கறது நீங்கதானா?"

"நான்தாங்க."

"அப்போ காமாலையில படுத்திருந்தது யாரு?"

சுபாஷ் அவளையே பார்த்தார். நான் மனசுக்குள், பொருந்துகிற மாதிரி சொல்லித் தொலையேன் என்று வேண்டிக்கொண்டேன்.

"எனுக்குக் காமாலையே வந்ததில்லீங்க" என்றாள்.

சுபாஷ் கையிலிருந்த ஃபைலை மூடிவிட்டார். வீடு போயிற்று என்றே நினைத்தேன்.

"பின்ன ஏன் அப்படி எழுதிக் கையெழுத்து போட்டீங்க?"

"இங்கிலீஷ்ல இருந்துச்சுங்க. இன்னா எழுதிக்கீதுன்னு கேக்காம போட்டன். அது என் தப்புதாங்க."

"சரி, நேரத்துக்கு ஏன் அப்பீல் போடல? அதைச் சொல்லுங்க."

"லீவு போட்டா பெர்மனென்ட் லிஸ்ட்ல பேரு வராதுங்க. அதான் போடல. கம்பெனில இன்னிக்கி வுட்டத நாளைக்கி ஓவர்டைம் பாத்து சரி பண்ணிக்கலாங்க. கோர்ட்டும் அப்பிடின்னு நெனச்சுட்டன்."

வக்கீல்கள் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. நீதிபதி சிரிக்கவில்லை.

"இன்னிக்கு வேலை நாளாச்சே. எப்படி வந்தீங்க?"

"லீவு கேட்டங்க. குடுக்கல."

"குடுக்காமலா வந்தீங்க?"

"வந்துட்டங்க. வூடாச்சுங்களே."

நீதிபதி பேனாவை வைத்துவிட்டார். பிறகு சுபாஷிடம், இந்த அம்மா இப்போது சொன்னதை அவர் சொன்ன மாதிரியே தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்கி, சாப்பாட்டுக்குப் பின் கொடுங்கள் என்றார்.

வராந்தாவில் வைத்து சுபாஷ் எழுதினார். ஒவ்வொரு வரியையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள் மாதேஸ்வரி. 'உண்மையான காரணம் யாதெனில்' என்று அவர் ஆரம்பித்ததை அடிக்கச் சொன்னாள். நான் அப்படிச் சொல்லவில்லையே என்றாள். பசிக்கிறது என்று நான் முனகியபோது காதிலேயே வாங்கவில்லை.

மதியம் உத்தரவு சொன்னார்கள். சுபாஷ்தான் எங்களுக்கு அர்த்தம் சொன்னார். பொய்க் காரணத்தைக் கோர்ட் ஏற்காது, ஆனால் தாமதம் செய்து இந்த அம்மாவுக்கு ஒரு லாபமும் இல்லை, இழக்கப் போவது குடியிருக்கும் வீடு, அதனால் எதிர்த்தரப்புக்குச் செலவுத் தொகை கட்டினால் தாமதம் மன்னிக்கப்படும், மறுத்த உத்தரவு ரத்து, ஓசூர் சப் கோர்ட் அப்பீலை எடுத்து விசாரிக்க வேண்டும், அதுவரை வீட்டில் கை வைக்கக் கூடாது. கேஸ் ஜெயித்ததா என்று கேட்டேன். "இல்லீங்க, கேஸ் இனிமேதான். கதவு திறந்திருக்கு" என்றார். இத்தனை அலைச்சலும் கதவு திறக்கத்தானா என்று எனக்கு எரிச்சல் வந்தது. மாதேஸ்வரி அவரைக் கும்பிட்டாள்.

சென்னப்பன் எங்களைத் தாண்டிப் போனான். போனவன் நின்று, "சாப்டியா?" என்று கேட்டான். அவள் இன்னும் இல்லை என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அவனைத் திட்ட வார்த்தை தேடி வைத்திருந்த நான், வா சாப்பிடப் போகலாம் என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

அடுத்த நாள் கம்பெனியில் லீவுக் கணக்குப் பார்க்கும் பர்சனல் ஆபீசர் ராஜேஷ்குமார் அவளைக் கூப்பிட்டார். நல்ல மனுஷன்தான். கதவைச் சாத்திவிட்டு, மெடிக்கல் சர்டிபிகேட் ஒன்று வாங்கிக் கொடுத்தால் அந்த ஒரு நாளைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடலாம் என்றாராம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டாக்டர் எந்த வியாதிக்கும் எழுதிக் கொடுப்பார் என்பது ஓசூரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். லைனில் இருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். என்ன வியாதி என்று எழுதுவது என்று பேச்சு வந்தபோது பூங்கொடி வாயைத் திறந்து, "மஞ்சள் காமாலைன்னே எழுதிடேன்க்கா, டவுட்டே வராது" என்றாள். பாவம், அவளுக்குக் கேஸ் விவரம் தெரியாது.

மாதேஸ்வரி விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு என்னிடம் பேனா வாங்கி, வீட்டுக் கேஸுக்காக ஐகோர்ட்டுக்குப் போனேன் என்று லீவு லெட்டர் எழுதிக் கொடுத்தாள். ராஜேஷ்குமார் அதைப் படித்துவிட்டு, "இப்படி எழுதினா நான் என்னம்மா பண்றது?" என்றார். இவள், "நடந்தது அதானுங்க சார்" என்றாள்.

அந்த வருஷப் பூஜைக்கும் வாழை கட்டினார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள். பரிசு குடம், வாங்கியது பூங்கொடி. பிறகு பெர்மனென்ட் லிஸ்டை மைக்கில் படித்தார்கள். கடைசிப் பெயர் வரை காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். மாதேஸ்வரி பெயர் இல்லை. வராது என்று தெரியும், இருந்தும் எனக்கு ஆற்றாமையாக இருந்தது. மாதேஸ்வரி கை தட்டினாள். எனக்குத் தட்ட மனசு வரவில்லை. கேன்டீன்காரர்கள் பக்கம் பார்த்தேன். சென்னப்பனும் தட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"ரெண்டு வருஷம் நின்னு நின்னு காலு வீங்கினதுதான் மிச்சம்" என்றேன் அவளிடம்.

"லிஸ்ட்டு அடுத்த வருஷமும் படிப்பாங்க ராசாத்தி. வூட்டுத் தீர்ப்ப ஒருக்காதான் படிப்பாங்க" என்றாள்.

குடும்பத்தோடு வந்தவர்களுக்காகப் போட்டிருந்த நாற்காலிகள் காலியாகிக்கொண்டிருந்தன. மாதேஸ்வரி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சுண்டல் பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் கொடுத்து, அவசரமில்லாமல் தின்றாள். சப் கோர்ட்டில் அப்பீலுக்கு வாய்தா போட்டிருந்தார்கள், புதன்கிழமை. அதற்கான லீவு லெட்டரைப் பூஜையன்று காலையிலேயே கொடுத்துவிட்டிருந்தாள். என் பேனாவால்தான் எழுதினாள், நானும் பார்த்தேன். காரணம் என்று போட்டு அதற்கு நேரே 'என் வீடு' என்று எழுதியிருந்தாள்.